கட்டணக் கணக்கு இல்லாமல் செயலியை நிஜ ஃபோனில் சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆப்பிள் டெவலப்பர் புரோகிராமில் சேர ஆண்டுக்கு 99 டாலர். ஐபோன் செயலி எழுதத் தொடங்கும் பலர், நிஜ ஃபோனில் ஏற்றிப் பார்ப்பதற்கே இந்தப் பணம் தேவை என்று நினைத்துக்கொண்டு, மேக் திரையில் ஃபோனைப் போல நடிக்கும் சிமுலேட்டரோடு நின்றுவிடுகிறார்கள். அது தேவையில்லை. 2015இல் எக்ஸ்கோட் (ஐபோன் செயலி எழுத ஆப்பிள் தரும் மென்பொருள்) 7ஆம் பதிப்பு வந்ததிலிருந்தே, சாதாரண ஆப்பிள் ஐடி உள்ள எவரும் தான் எழுதிய செயலியைத் தன் ஐபோனில் ஓட்டலாம். ஆண்ட்ராய்டில் கணக்கே வேண்டாம்.

எங்கள் கருத்து இதுதான்: செயலியை இன்னொருவர் ஃபோனுக்கு அனுப்ப வேண்டிய நாள் வரும்வரை இலவசக் கணக்கே போதும். அதன் கட்டுப்பாடுகளுக்கு ஏற்றபடி புராஜெக்டை முதல் நாளே பிரித்து வைத்துக்கொண்டால் சரி. பிரிக்காமல் விட்டால் ஒவ்வொரு வாரமும் ஒரு புதுப் பிழைச் செய்தியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

சிமுலேட்டர் ஏன் போதாது

சிமுலேட்டர் ஓடுவது மேக்கின் புராசஸரில், மேக்கின் நினைவகத்தில். ஃபோனில் திணறும் பட்டியல் அங்கே வழுக்கிக்கொண்டு ஓடும். நினைவகம் அதிகம் தின்னும் செயலியை ஐஓஎஸ் பாதியில் கொன்றுவிடும். சிமுலேட்டரில் அது நடக்காது. கேமரா, புளூடூத், சூடேறினால் வேகம் குறைவது எல்லாம் நிஜ ஃபோனில்தான் தெரியும்.

பலரைத் திகைக்க வைக்கும் இன்னொன்று, கோப்புப் பெயர். மேக்கின் வழக்கமான கோப்பு அமைப்பு பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. ஐபோன் பார்க்கும். படத்தின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கி, நிரலில் சிறிய எழுத்தில் அழைத்திருந்தால் சிமுலேட்டரில் படம் வரும், ஃபோனில் வராது.

தமிழில் செயலி எழுதுபவர்கள் விசைப்பலகைக்காகவும் நிஜ ஃபோனுக்குப் போயாக வேண்டும். சிமுலேட்டரில் பெரும்பாலும் மேக்கின் விசைகளில்தான் தட்டுகிறோம். பயனரோ ஃபோனின் தமிழ் விசைப்பலகையில் தட்டுவார். எழுத்து உருவாகும்போதே உள்ளீட்டுப் பெட்டிக்குள் மாறிக்கொண்டிருக்கும். "நி" என்பது ஐபோன் செயலிகளுக்கான ஸ்விஃப்ட் மொழியின் கணக்கில் 1 எழுத்து, ஆண்ட்ராய்டுக்கான காட்லின் மொழியின் நீளக் கணக்கில் 2. பெயருக்கு 20 எழுத்து வரம்பு வைத்திருந்தால், ஒரே பெயரை ஒரு ஃபோன் ஏற்கும், இன்னொன்று பாதியில் நறுக்கும்.

தொடங்கும் முன்

எக்ஸ்கோட் உள்ள மேக், ஐபோன், தகவல் கடத்தும் கேபிள், இரட்டைச் சரிபார்ப்பு இயக்கப்பட்ட ஆப்பிள் ஐடி, இவ்வளவுதான் தேவை. கேபிளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் ஃபோன் சார்ஜ் ஆகும், எக்ஸ்கோடில் தெரியாது. மென்பொருளில் குறை தேடிக்கொண்டு அரை நாள் போய்விடும். ஃபோனில் உள்ள ஐஓஎஸ் பதிப்பை உங்கள் எக்ஸ்கோட் பதிப்பு ஆதரிக்கிறதா என்பதையும் பாருங்கள். ஃபோன் தானாகப் புதுப்பித்துக்கொண்டு எக்ஸ்கோடை முந்திவிடுவது அடிக்கடி நடக்கும். பழைய மேக் வைத்திருப்பவர்கள் சோதனை ஃபோனில் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வைப்பது நல்லது.

ஐபோனில் ஏற்றும் படிகள்

1. எக்ஸ்கோடின் "செட்டிங்ஸ்" திறந்து "அக்கவுண்ட்ஸ்" பகுதியில் ஆப்பிள் ஐடியைச் சேருங்கள். உங்கள் பெயரோடு "பெர்சனல் டீம்" என்று ஒரு வரி வரும். அதுதான் இலவசக் கணக்கு.

2. புராஜெக்டில் டார்கெட்டை (செயலியில் தனியாக உருவாகும் ஒவ்வொரு பகுதியும் ஒரு டார்கெட்) தேர்ந்தெடுத்து "சைனிங் அண்ட் கேப்பபிலிட்டீஸ்" போங்கள். "ஆட்டோமேட்டிக்கலி மேனேஜ் சைனிங்" டிக் இருக்கட்டும் (சைனிங் என்பது செயலியில் இடும் டிஜிட்டல் கையெழுத்து). "டீம்" இடத்தில் பெர்சனல் டீமைத் தேர்ந்தெடுங்கள். விட்ஜெட், ஷேர் எக்ஸ்டென்ஷன் போன்றவை இருந்தால் அந்த டார்கெட்களுக்கும் இதையே தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

3. செயலியின் அடையாளப் பெயரான "பண்டில் ஐடென்டிஃபையர்" (பண்டில் ஐடி) உலகத்திலேயே வேறு யாரும் பதியாததாக இருக்க வேண்டும். பாடத்தில் பார்த்த பெயரை அப்படியே போட்டால் "பதிய முடியவில்லை" என்று சிவப்பில் வரும். எக்ஸ்டென்ஷனின் ஐடி தாய்ச் செயலியின் ஐடியில் தொடங்கி, அதன் பின்னால் ஒரு புள்ளியும் பெயரும் வர வேண்டும். தாய்க்கு மாற்றிவிட்டுப் பிள்ளைக்கு மறந்தால் பில்ட் (நிரலைச் செயலியாக உருவாக்கும் வேலை) அங்கேயே நின்றுவிடும்.

4. ஃபோனைச் செருகி, திரையைத் திறந்து, "டிரஸ்ட் திஸ் கம்ப்யூட்டர்" கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். முதல் தடவை எக்ஸ்கோட் ஃபோனிலிருந்து டீபக் (பிழை தேடும்) தகவல்களை நகலெடுக்கும். சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை ஃபோன் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கேபிளைப் பிடுங்காதீர்கள்.

5. ஐஓஎஸ் 16 முதல் டெவலப்பர் மோட் கட்டாயம். ஃபோனில் "செட்டிங்ஸ்", "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" போய்க் கடைசி வரை கீழே இறங்குங்கள். "டெவலப்பர் மோட்" அங்கே இருக்கும். எக்ஸ்கோடோடு ஒருமுறை இணைத்த பிறகுதான் அந்த வரியே தோன்றும் என்பதால் முதலிலேயே தேடி ஏமாற வேண்டாம். இயக்கினால் ஃபோன் ரீஸ்டார்ட் ஆகும். ஆன பிறகு இன்னொருமுறை ஒப்புதல் கேட்டு, பாஸ்கோடும் கேட்கும். அந்த இரண்டாவது ஒப்புதலைக் கவனிக்காமல் மூடினால் மோட் இயங்காது.

6. எக்ஸ்கோடில் மேலே உங்கள் ஃபோனைத் தேர்ந்தெடுத்து "ரன்" அழுத்துங்கள். மேக்கின் கடவுச்சொல் பெட்டகமான கீசெயின் கடவுச்சொல் கேட்டால் மேக்கில் நுழையப் போடும் கடவுச்சொல்லைக் கொடுத்து "ஆல்வேஸ் அலவ்" அழுத்துங்கள். வெறும் "அலவ்" அழுத்தினால் ஒரே பில்டில் திரும்பத் திரும்பக் கேட்கும்.

7. செயலி ஃபோனில் ஏறிவிடும், ஆனால் திறக்காது; நம்பகமற்ற டெவலப்பர் என்று சொல்லும். "செட்டிங்ஸ்", "ஜெனரல்", "விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்" போய், உங்கள் ஆப்பிள் ஐடியைத் தொட்டு "டிரஸ்ட்" கொடுங்கள். அந்த நேரத்தில் ஃபோனில் இணையம் இருக்க வேண்டும், ஆப்பிளின் சர்வரோடு சரிபார்க்கிறது. விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் போட்டிருந்தால் சில சமயம் அந்தச் சர்வரும் சேர்ந்து அடைபடும். சரிபார்க்க முடியவில்லை என்று வந்தால் அதைக் கொஞ்ச நேரம் அணைத்துப் பாருங்கள். இந்த ஐடியில் ஏற்றிய எல்லாச் செயலிகளையும் அழித்தால் இந்த நம்பிக்கையும் போய்விடும், அடுத்த முறை மறுபடி கொடுக்க வேண்டும்.

ஒருமுறை கேபிளில் ஓடிவிட்டால் அதன்பின் ஒரே வைஃபையில் இருந்தபடி கேபிள் இல்லாமலும் ஓட்டலாம். ஆனால் வேகமும் நிலைத்தன்மையும் கேபிளில்தான்.

ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் ஒரே நிரலில் எழுத உதவும் ஃப்ளட்டரில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஓஎஸ் 14க்குப் பிறகு, டீபக் பில்டை ஃபோனின் முகப்புத் திரையிலிருந்து திறந்தால் உடனே மூடிக்கொள்ளும். அது உங்கள் பிழை அல்ல. கையில் எடுத்துக்கொண்டு சுற்றிச் சோதிக்க வேண்டுமென்றால் புரொஃபைல் அல்லது ரிலீஸ் மோடில் ஏற்றுங்கள். இலவசக் கணக்கில் அதுவும் முடியும்.

7 நாள், 3 செயலி, 10 ஐடி

இலவசக் கணக்கின் புரொவிஷனிங் புரொஃபைல் (செயலி உங்கள் ஃபோனில் ஓட ஆப்பிள் தரும் அனுமதிக் கோப்பு) 7 நாளில் காலாவதியாகும். ஆன பிறகு ஐகானைத் தொட்டால் செயலி இனி கிடைக்காது என்ற செய்தி வரும். பயந்து அழித்துவிடாதீர்கள். உள்ளே சேமித்த தரவு அப்படியே இருக்கும். அதே பண்டில் ஐடியோடு எக்ஸ்கோடிலிருந்து மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அழித்தால்தான் தரவு போகும்.

இந்த 7 நாள் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். செயலியை ஏற்றிய நாளிலிருந்து அல்ல, புரொஃபைல் உருவான நாளிலிருந்து. எக்ஸ்கோட் கைவசமுள்ள புரொஃபைல் காலாவதியாகும்வரை அதையே பயன்படுத்தும். திங்கட்கிழமை உருவான புரொஃபைலை வைத்து சனிக்கிழமை புதிதாக ஏற்றினாலும், செயலி அடுத்த திங்கட்கிழமை நின்றுவிடும். வாடிக்கையாளரிடமோ கல்லூரி மதிப்பீட்டிலோ காட்டப் போகிறீர்கள் என்றால், முந்தைய நாள் பழைய புரொஃபைலை அழித்துவிட்டு பில்ட் செய்யுங்கள். முழு 7 நாள் கிடைக்கும். எக்ஸ்கோட் 16 முதல் புரொஃபைல்கள் உங்கள் லைப்ரரி ஃபோல்டரில் டெவலப்பர், எக்ஸ்கோட், யூசர்டேட்டா, புரொவிஷனிங் புரொஃபைல்ஸ் என்ற வரிசையில் இருக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் லைப்ரரிக்குள் மொபைல்டிவைஸ் ஃபோல்டரில் பாருங்கள்.

ஒரு ஃபோனில் இலவசக் கணக்கில் ஏற்றிய செயலிகள் ஒரே நேரத்தில் 3 மட்டுமே இருக்கலாம். நான்காவதை ஏற்றும்போது வரம்பு முடிந்தது என்று பிழை வரும். பழையதில் ஒன்றை ஃபோனிலிருந்து அழித்தால் சரியாகிவிடும்.

7 நாளுக்குள் 10 ஆப் ஐடிதான் (ஆப்பிளிடம் பதிவாகும் பண்டில் ஐடி) உருவாக்கலாம் என்பது மூன்றாவது வரம்பு. இது தாராளமாகத் தெரியும், ஆனால் சீக்கிரம் தீரும். விட்ஜெட்டுக்கு ஒன்று, ஷேர் எக்ஸ்டென்ஷனுக்கு ஒன்று, வாட்ச் செயலிக்கு ஒன்று என்று தாய்ச் செயலியோடு சேர்த்து ஒரே புராஜெக்ட் 4 ஐடி எடுத்துக்கொள்ளும். பெயர் பிடிக்கவில்லை என்று பண்டில் ஐடியை இரண்டு முறை மாற்றினால் 12 ஆகிவிட்டது. மாட்டிக்கொண்டால் பழைய ஐடிகள் காலாவதியாகும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை, அழிக்கும் பொத்தானும் கிடையாது. அதனால் ஐடியை முதல் நாளே யோசித்து வைத்துவிட்டுப் பிறகு தொடாதீர்கள்.

எந்த வசதிகள் கிடைக்காது, அதற்கு என்ன வழி

புஷ் நோட்டிஃபிகேஷன், ஐகிளவுட், சைன் இன் வித் ஆப்பிள், ஆப்பிள் பே, அசோசியேட்டட் டொமைன்ஸ் (இணைய இணைப்பைத் தொட்டால் செயலியே திறக்கும் யூனிவர்சல் லிங்குக்குத் தேவையானது) ஆகியவற்றை பெர்சனல் டீம் ஆதரிக்காது. புராஜெக்டில் இவற்றில் ஒன்று இருந்தாலும் சைனிங்கே தோற்றுப்போகும். ஆப் குரூப்ஸ், கீசெயின் ஷேரிங், ஹெல்த்கிட், பேக்கிரவுண்ட் மோட்ஸ் கிடைக்கும்.

புஷ்ஷின் பெரும்பகுதியைக் கட்டணக் கணக்கு இல்லாமலே சோதிக்கலாம். செய்தியின் உள்ளடக்கத்தை ஜேசானாக எழுதி, ஏபிஎன்எஸ் என்ற பின்னொட்டோடு சேமித்து, சிமுலேட்டர் ஜன்னல் மேல் இழுத்துப் போட்டால் புஷ் வந்தது போலவே காட்டும். எக்ஸ்கோட் 11.4 முதல் இது உண்டு. நிஜ ஃபோனில் லோக்கல் நோட்டிஃபிகேஷன் அனுப்புங்கள். தொட்டால் எந்தத் திரை திறக்கிறது, செயலி மூடியிருந்தால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் கையாளும் டெலிகேட் (நிகழ்வுகளைப் பெறும் நிரல் பகுதி) இரண்டுக்கும் ஒன்றுதான். வந்த புஷ்ஷைக் காட்டும் முன் மாற்றும் சர்வீஸ் எக்ஸ்டென்ஷன் மட்டும் லோக்கல் நோட்டிஃபிகேஷனுக்கு ஓடாது.

யூனிவர்சல் லிங்க் இல்லாத குறைக்கு, உங்கள் செயலிக்கென்று ஒரு யூஆர்எல் ஸ்கீம் வைத்து அதே ரவுட்டிங் நிரலைச் சோதியுங்கள். செயலிக்குள் வாங்குதலுக்கு ஸ்டோர்கிட் கான்ஃபிகரேஷன் கோப்பு ஒன்றை உருவாக்கி எக்ஸ்கோடின் ஸ்கீமில் (செயலியை ஓட்டும் அமைப்பில்) இணைத்தால், ஆப் ஸ்டோர் கனெக்ட் பக்கம் போகாமலே வாங்குவது, சந்தா புதுப்பிப்பது, பணம் திரும்புவது எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம்.

அனுமதி இல்லாதபோது ஒவ்வொரு வசதியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும் என்பதை நிரல் எழுதும்போது மனதில் வையுங்கள். புஷ் பதிவு தோல்வி டெலிகேட்டுக்கு வரும், செயலி பிழைத்துக்கொள்ளும். ஆப் குரூப் ஃபோல்டரைக் கேட்டால் "நில்" (nil, வெற்று மதிப்பு) திரும்பும். ஐகிளவுட் சேமிப்பான கிளவுட்கிட்டின் கன்டெய்னரைத் தொட்டால் செயலி அங்கேயே கிராஷ் ஆகும். எனவே கிளவுட்கிட்டைத் தொடும் ஒவ்வொரு இடத்தையும் கம்பைல் நிபந்தனைக்குள் வைக்க வேண்டும்.

புராஜெக்டைப் பிரித்து வைப்பது

வேலை அதிகமில்லை, ஒரு மணி நேரத்தில் முடியும். பிறகு எல்லாப் பக்கமும் நிம்மதி.

எக்ஸ்கோடில் டீபக், ரிலீஸ் என இரண்டு கான்ஃபிகரேஷன் ஏற்கெனவே இருக்கும். டீபக்கை நகலெடுத்து "டீபக் ஃப்ரீ" என மூன்றாவது ஒன்று உருவாக்குங்கள். செயலி கேட்கும் வசதிகளைப் பட்டியலிடும் என்டைட்டில்மென்ட்ஸ் கோப்பையும் நகலெடுத்து, பெர்சனல் டீம் ஆதரிக்காத வரிகளை அதிலிருந்து நீக்குங்கள். பில்ட் செட்டிங்ஸில் "கோட் சைனிங் என்டைட்டில்மென்ட்ஸ்" வரியில் புதிய கான்ஃபிகரேஷனுக்கு மட்டும் இந்தக் கோப்பைக் காட்டுங்கள். பண்டில் ஐடியின் கடைசியில் ஒரு புள்ளியும் "டெவ்" என்ற சொல்லும் சேருங்கள். வெளியிடப் போகும் அசல் ஐடியை பெர்சனல் டீமில் ஒருபோதும் பதியாதீர்கள். பின்னாளில் வேறொரு கட்டணக் கணக்கில் அதே ஐடியைக் கேட்கும்போது கிடைக்காது என்று வந்தால், செயலியின் பெயரையே மாற்றும் நிலை வரலாம். ஆப் குரூப் வைத்திருந்தால் அதன் ஐடிக்கும் இதே விதிதான்.

இருவருக்கு மேல் வேலை செய்யும் புராஜெக்ட் என்றால் டீம் ஐடியையும் பண்டில் முன்னொட்டையும் ஒரு எக்ஸ்சிகான்ஃபிக் (பில்ட் அமைப்புகளை வைக்கும்) கோப்பில் வைத்து, அதை கிட் (நிரல் மாற்றங்களைப் பதியும் கருவி) கவனிக்காதபடி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவர் கமிட்டிலும் புராஜெக்ட் கோப்பில் டீம் மாறி மாறி மோதும். திறமூலப் புராஜெக்ட்களுக்கு இதை நாங்கள் கட்டாயம் என்றே சொல்வோம். புதிதாக வருபவர் பணம் கட்டாமல் தன் ஃபோனில் ஓட்டிப் பார்க்க முடிந்தால்தான் பங்களிக்கத் தொடங்குவார்.

மேக் இல்லாதவர்களுக்கு

விண்டோஸ் மட்டும் வைத்திருந்தால் பில்டை வெளியே செய்து, சைனிங்கை உங்கள் கணினியில் செய்யலாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் பொது ரெப்போக்களுக்கு (எவரும் பார்க்கும்படி வைத்த நிரல்களுக்கு) பில்ட் செய்ய மேக் இயந்திரம் இலவசம். அங்கே கோட் சைனிங்கை அணைத்து பில்ட் செய்யுங்கள். வரும் ஆப் ஃபோல்டரை "பேலோட்" என்ற ஃபோல்டருக்குள் வையுங்கள். பெயரின் முதல் எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். அதை ஜிப் செய்து பின்னொட்டை ஐபிஏ என்று மாற்றுங்கள். பிறகு சைட்லோட்லி அல்லது ஆல்ட்ஸ்டோர் மூலம் உங்கள் ஆப்பிள் ஐடியில் சைன் செய்து ஃபோனில் ஏற்றலாம்.

இந்தக் கருவிகளுக்கு ஐடியூன்ஸ் வேண்டும், ஆப்பிள் தளத்திலிருந்து இறக்கியதாக. மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பதிப்பு தகராறு செய்யும். 7 நாள், 3 செயலி வரம்புகள் இங்கும் உண்டு. ஆல்ட்ஸ்டோரும் அந்த 3இல் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆப்பிள் அல்லாத கருவியில் கடவுச்சொல் கொடுக்கிறீர்கள் என்பதால், படங்களும் பணமும் உள்ள உங்கள் முக்கிய ஐடியைக் கொடுக்காமல் சோதனைக்கென்று தனி ஐடி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்கோடின் டீபக்கர் இல்லாமல் பிழை தேடுவது கடினம். லாக் கோப்பை செயலிக்குள்ளேயே எழுதிப் பகிரும் வசதி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு

இங்கே பாதை சுருக்கம். "அபவுட் ஃபோன்" பகுதியில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியில் செருகி, ஃபோனில் வரும் கேள்விக்கு அனுமதி கொடுத்தால் முடிந்தது. ஆண்ட்ராய்டு 11 முதல் வயர்லெஸ் டீபக்கிங்கும் உண்டு.

சிக்கல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஷாவ்மி ஃபோன்களில் பில்ட் நம்பருக்குப் பதில் எம்ஐயூஐ அல்லது ஓஎஸ் பதிப்பு வரியைத் தட்ட வேண்டும். அதோடு "இன்ஸ்டால் வயா யூஎஸ்பி" என்பதைத் தனியே இயக்க வேண்டும். அதற்கு ஷாவ்மி கணக்கில் நுழைந்திருப்பதும் சிம் போட்டிருப்பதும் அவசியம். சிம் இல்லாத பழைய ஃபோனைச் சோதனைக்கு எடுத்தவர்கள் இங்கேதான் நின்றுபோகிறார்கள். விண்டோஸில் ஃபோன் தெரியாவிட்டால் அந்த நிறுவனத்தின் யூஎஸ்பி டிரைவரைப் போடுங்கள்.

ஏற்கெனவே உள்ள செயலியோடு கையெழுத்து பொருந்தவில்லை என்ற பிழை, அதே செயலியை இன்னொரு கணினியில் பில்ட் செய்து ஏற்றியதால் வருவது. ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒரு டீபக் கீஸ்டோர் (கையெழுத்துச் சாவிக் கோப்பு) உருவாக்கிக்கொள்கிறது. குழுவாக வேலை செய்தால் ஒரே டீபக் கீஸ்டோரை எல்லோரும் பயன்படுத்துங்கள். இல்லையேல் ஒவ்வொரு முறையும் அழித்து ஏற்றி, சோதனைத் தரவை இழப்பீர்கள். வெளியீட்டுக் கீயை மட்டும் யாரோடும் பகிர வேண்டாம்.

புஷ் இங்கே தடையில்லை, ஃபயர்பேஸ் கிளவுட் மெசேஜிங் இலவசம். கையில் இல்லாத மாடல்களுக்கு ஃபயர்பேஸ் டெஸ்ட் லேபின் இலவசத் திட்டத்தில் நிஜ ஃபோன்களில் ஒரு நாளைக்கு 5 சோதனை ஓட்டலாம். சாம்சங் ரிமோட் டெஸ்ட் லேபில் சாம்சங் கணக்கு மட்டும் இருந்தால் போதும், தொலைவில் உள்ள ஃபோனை பிரவுசரில் இயக்கலாம். கூகுள் பிளேயில் வெளியிடும்போதுதான் 25 டாலர், அதுவும் ஒரே முறை.

ஃபோனிலிருந்து உங்கள் லோக்கல் சர்வர்

உங்கள் கணினியில் ஓடும் சர்வரோடு ஃபோனை இணைப்பதில்தான் இரண்டு தளத்திலும் எல்லோரும் ஒருமுறையாவது இடறுகிறார்கள். சிமுலேட்டரில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் உங்கள் மேக்; ஃபோனில் லோக்கல்ஹோஸ்ட் என்றால் ஃபோனேதான். கணினியின் வைஃபை முகவரியைப் போடுங்கள், சர்வரும் எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி இருக்கட்டும். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் லோக்கல் நெட்வொர்க் அனுமதி கேட்கும். ஒருமுறை மறுத்துவிட்டால் செட்டிங்ஸில் போய்த்தான் திறக்க முடியும். பூட்டில்லாத ஹெச்டிடிபியை இரண்டுமே தடுக்கும். ஐஓஎஸ்ஸில் இன்ஃபோ கோப்பில் லோக்கல் நெட்வொர்க்கிங்குக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஆண்ட்ராய்டில் 9ஆம் பதிப்பு முதல் இந்தத் தடை உண்டு; நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் கோப்பில், டீபக் பில்டுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். ஆண்ட்ராய்டில் கேபிள் செருகியிருந்தால் ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு ஃபோனை இயக்கும் கருவி) தரும் ரிவர்ஸ் கட்டளை இன்னும் எளிது, ஃபோனின் 8080 போர்ட்டை கணினியின் 8080க்குத் திருப்பிவிடும், வைஃபையே தேவையில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் இணையவில்லையா? கல்லூரி, அலுவலக வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள். ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்துப் பாருங்கள்.

எப்போது பணம் கட்டலாம்

ஆப்பிளின் சோதனைப் பகிர்வுச் சேவையான டெஸ்ட்ஃப்ளைட்டில் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டியபோது, நிஜ புஷ் சர்வரைச் சோதிக்க வேண்டியபோது, ஐகிளவுட் ஒத்திசைவு செயலியின் மையமாக இருக்கும்போது. அதற்கு முன் கட்டினால் ஆண்டுச் சந்தாவில் பாதி, நிரல் எழுதுவதிலேயே கழிந்துவிடும்.

கட்டணக் கணக்குக்கு மாறும் நாளில் டீம் ஐடி மாறினால், பழைய செயலியின் மேல் அதே பண்டில் ஐடியோடு ஏற்ற முடியாது. அப்ளிகேஷன் ஐடென்டிஃபையர் பொருந்தவில்லை என்று ஐஓஎஸ் மறுக்கும். பழையதை அழித்துத்தான் ஏற்ற வேண்டும், கீசெயினில் வைத்த உள்நுழைவுத் தகவலும் புது டீமுக்குத் தெரியாது. "டெவ்" ஐடியைத் தனியாக வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை: இரண்டு செயலிகளும் ஒரே ஃபோனில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தேவையான சோதனைத் தரவை எக்ஸ்கோடின் "டிவைசஸ் அண்ட் சிமுலேட்டர்ஸ்" ஜன்னலில் "டவுன்லோட் கன்டெய்னர்" மூலம் முதலிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு பழையதை நீக்குங்கள்.